ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவில் வெளியூர் அணியின் சட்டையோடு போய்க் கால்பந்து பார்க்கலாமா? அடி விழுமா?

அடி விழாது. அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேட்டவர் அநேகமாக ஐரோப்பாவில் எங்கோ வேலை பார்ப்பவர். குடும்பத்தோடு ஒரு வாரம் தீவுக்குப் போகிறார், அந்த வாரம் அந்தத் தீவின் அணியான லாஸ் பால்மாஸுக்குச் சொந்த மைதானத்தில் ஆட்டம் இருக்கிறது, எதிரணிச் சட்டை பெட்டியில் இருக்கிறது, வீட்டில் "எதுக்கு வம்பு" என்கிறார்கள். இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தச் சட்டையும் ரியல் மாட்ரிட் சட்டை அல்லது பார்சிலோனா சட்டையாகத்தான் இருக்கும். குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டுக்கும் தீவிலேயே ஏகப்பட்ட ரசிகர்கள் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு போனால் பத்தோடு பதினொன்று, வெளியூர் ரசிகர் இல்லை. நான் சொல்லப்போவது துணைக்கு ஆளே இல்லாத அணியோடு போவதைப் பற்றி.

என் அணி ஒசாசுனா. வடக்கே பம்ப்லோனா ஊரின் அணி. தெருவில் காளைகளை ஓடவிடுவார்களே, அதே ஊர். காற்றாலை வேலைக்காகச் சென்னையிலிருந்து என்னை அங்கே அனுப்பினார்கள். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் எல் சதார் மைதானம். முதல் குளிர்காலத்தில் போக வேறு இடமில்லாமல் உள்ளே போனவன், பிறகு வெளியே வரவில்லை. 1920இல் தொடங்கிய கிளப். 90களில் ஸ்பெயினின் தொழில்முறை கிளப்கள் எல்லாம் கம்பெனிகளாக மாறியபோது, உறுப்பினர்கள் கையிலேயே நின்றவை நான்கு: ரியல் மாட்ரிட், பார்சிலோனா, பில்பாவின் அத்லெதிக், அப்புறம் நாங்கள். லீகை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஸ்பெயின் அரசர் கோப்பை இறுதிப் போட்டிக்கு 2005இலும் 2023இலும் போனோம், இரண்டிலும் தோற்றோம்.

"நாங்கள்" என்று எழுதியதற்குச் சிலர் சிரிப்பார்கள். கிரிக்கெட் ஊர்க்காரனுக்கு ஒசாசுனா என்ன மாமன் மச்சானா என்று முன்பே ஒருத்தர் கேட்டாயிற்று. ஐயா, நான் வியாசர்பாடி. எங்கள் தெருவில் கிரிக்கெட் மட்டை வைத்திருந்த பையனைத்தான் வேடிக்கை பார்ப்போம். இதை விடுங்கள்.

லாஸ் பால்மாஸ் மைதானத்தில் ஒசாசுனா ஆடிய ஒரு ஆட்டத்துக்கு நான் போனேன். ஸ்கோரையும் வருடத்தையும் எழுதப்போவதில்லை. எழுதினால் தேதியைத் தேடிப் பிடித்து, அந்த வெள்ளிக்கிழமை நான் வயிற்றுப்போக்கு என்று லீவு போட்டதை என் பழைய மேனேஜர் கண்டுபிடித்துவிடுவார். ஒசாசுனா என்றால் பாஸ்க் மொழியில் ஆரோக்கியம் என்று அர்த்தம். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு ஆரோக்கியத்தைப் பார்க்கப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பம்ப்லோனாவிலிருந்து பில்பாவுக்கு பஸ், அங்கிருந்து மூன்று மணி நேர விமானம். வரைபடத்தைப் பாருங்கள், அந்தத் தீவு ஸ்பெயினை விட்டு எங்கேயோ கீழே மொராக்கோவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அதனால்தான் அங்கே வெளியூர் ரசிகர் கூட்டமே வருவதில்லை. தீவில் குடியிருப்பவர்களுக்கு விமான டிக்கெட்டில் 75 சதவீதம் தள்ளுபடியை அரசே தருகிறது. 2018இலிருந்து இந்த அளவு. அவர்கள் படிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடல் தாண்ட வேண்டியவர்கள், கொடுக்கட்டும். ஆனால் முழு விலை கொடுக்கிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்பதை யாரும் எழுதுவதில்லை. நான் கொடுத்த காசுக்குப் பம்ப்லோனாவில் ஒரு மாதம் மளிகை வாங்கியிருக்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். ஸ்பெயின் வானொலியில் நேரம் சொல்லும்போதெல்லாம் "உனா ஓரா மெனோஸ் என் கனாரியாஸ்" என்பார்கள், கனாரியாவில் ஒரு மணி நேரம் குறைவு. வருடக்கணக்காகக் கேட்டுக்கேட்டு அது எனக்குச் சுப்ரபாதம் மாதிரி ஆகிவிட்டது, அர்த்தம் காதில் ஏறுவதில்லை. பம்ப்லோனா பத்திரிகையில் ஆட்டம் 21 மணிக்கு என்று போட்டிருந்தது. அது அவர்கள் நேரம். தீவில் இறங்கியதும் போன் தானாகவே ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது. நான் மட்டும் ஒன்பது மணியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அதனால் சாவகாசமாக லாஸ் காந்தெராஸ் கடற்கரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்றேன். தோலோடு, உப்பை அள்ளிப் போட்டு வேகவைத்து, தண்ணீர் வற்றியதும் தோல் சுருங்கி உப்புப் பூத்திருக்கும் சின்னச் சின்னக் கிழங்கு. தொட்டுக்கொள்ள மோஹோ. சிவப்பு மோஹோவில் மிளகாய், பச்சையில் கொத்தமல்லி. பம்ப்லோனாவில் காரம் என்ற சொல்லையே மறந்திருந்த எனக்கு அந்தப் பச்சைக் கிண்ணத்தைப் பார்த்ததும் அம்மா ஞாபகம் வந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன். வயிற்றுப்போக்கு என்று சொன்னது பலிக்காமல் இருந்தது கடவுள் செயல்.

சாப்பிட்டுவிட்டு சாந்தா கத்தலீனா பூங்கா பக்கம் ஒரு கடையில் போன் சார்ஜருக்கு ஒயர் வாங்கப் போனேன். லாஸ் பால்மாஸ் துறைமுகத்தைச் சுற்றி சிந்திக்காரர்களின் கடைகள் இருப்பது பலருக்குத் தெரியாது, தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். சுவரில் லட்சுமி படம், பக்கத்தில் லாஸ் பால்மாஸ் அணியின் மஞ்சள் ஸ்கார்ஃப். என்னிடம் இந்தியில் ஏதோ கேட்டார். எனக்கு இந்தி வராது என்று ஸ்பானிஷில் சொன்னேன். இந்தியர்கள் இரண்டு பேர், மொராக்கோவுக்கு எதிரே ஒரு தீவில், ஸ்பானிஷில்தான் பேசிக்கொள்ள முடிந்தது. என் சிவப்புச் சட்டையைப் பார்த்தவர், "இன்னும் இங்கேயா நிற்கிறாய்? ஆட்டம் எட்டு மணிக்கு" என்றார். மணி ஏழு நாற்பது.

மைதானம் கடற்கரையில் இல்லை, மேட்டில் சியெத்தே பால்மாஸ் என்ற பகுதியில் இருக்கிறது. பழைய இன்சுலார் மைதானம் ஊருக்குள்ளேயே இருந்தது, இப்போது அது பூங்கா. 2003இல் மேலே புதிதாகக் கட்டினார்கள், 32,000 பேர் உட்காரலாம். டவுன் பஸ்ஸை அங்கே "குவாகுவா" என்பார்கள், அதுவும் மஞ்சள். பஸ் முழுக்க மஞ்சள் சட்டை. ஐபிஎல் ராத்திரியில் சேப்பாக்கத்துக்குப் போகிற பஸ்ஸில் தப்பான கலரில் ஏறிவிட்டது போல இருந்தது. ஒருத்தரும் முறைக்கவில்லை. ஒரு பாட்டி நகர்ந்து இடம் கொடுத்து "மி நீன்யோ" என்றார், என் கண்ணு என்கிற மாதிரி. எனக்கு முப்பத்தெட்டு வயது.

வாசலில் தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள், அது எல்லா ஊரிலும் உண்டு. காவலாளி என் சட்டையைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் "ஹாலிடே?" என்று கேட்டார். சட்டையை ஏதோ கடையில் தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பார் போல. நான் ஸ்பானிஷில் பதில் சொன்னேன், அவர் மறுபடியும் ஆங்கிலத்தில் சீட் வழி காட்டினார். அதற்குள் முதல் கோல் விழுந்துவிட்டது. படிக்கட்டுக்குக் கீழே நின்றபடி அந்தச் சத்தத்தை மட்டும்தான் கேட்டேன். யார் கோல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சத்தம் பெரிசு.

டிக்கெட்டை லாஸ் பால்மாஸ் கிளப்பின் தளத்தில் சாதாரண ரசிகர் பகுதியில்தான் வாங்கியிருந்தேன். வெளியூர் ரசிகர்களுக்கு ஒரு மூலை ஒதுக்குவார்கள், அதை உங்கள் கிளப் வழியாகக் கேட்க வேண்டும். அன்று அந்த மூலையில் இருந்த சிவப்புச் சட்டைகளை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். நான் எதிர்ப்பக்கம், தனியாக, மஞ்சளுக்கு நடுவே.

பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர். ஒரு காதில் ரேடியோ, மடியில் சூரியகாந்தி விதைப் பொட்டலம். அதைப் பீப்பாஸ் என்பார்கள். மைதானத்தில் பொதுமக்களுக்கு ஆல்கஹால் விற்கக் கூடாது, பீர் கேட்டால் ஆல்கஹால் இல்லாத பீர்தான் வரும், அதனால் எல்லாரும் விதைதான் கொறிக்கிறார்கள். பெரியவர் பல்லில் வைத்து ஒரே கடி, தோல் வெளியே, பருப்பு உள்ளே, கண் மட்டும் பந்தை விட்டு நகராது. காலடியில் தோல் குவிந்து, நடந்தால் நொறுங்கியது. என்னைப் பார்த்து எந்த பஜாரில் வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். நான் பஜார் இல்லை, ஒசாசுனா என்றேன். "பம்ப்லோனாவா? சரி சரி" என்று, குழந்தை நான் போலீஸ் ஆகப்போகிறேன் என்றால் சொல்வோமே, அந்த மாதிரி சொன்னார்.

இங்கேதான் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். ஸ்பெயினில் இத்தனை வருஷம் இருந்தும் யாருக்கும் நான் ரசிகன் இல்லை. ஆபீஸில் "மாட்ரிட்டா பார்சாவா?" என்பார்கள். ஒசாசுனா என்றால், பாவம் நம் மனதைக் குளிர்விக்கச் சொல்கிறான் என்று தட்டிக்கொடுப்பார்கள். குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க அப்பாயின்ட்மென்ட் எடுக்க வேண்டும், அதை வடக்கே "தீத்தா" என்பார்கள், தீவில் "சீத்தா". பொருத்தமான பெயர்தான். ராமர் பாலம் கட்டியதைவிட அதிக நாள் அந்தச் சீதாவுக்காக நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அதிகாலை நாலு மணிக்கு அலாரம் வைத்துப் பார்த்தாலும் "இடம் காலியில்லை" என்றே வரும். அட்டை காலாவதியாகி, ஊரில் தங்கச்சி கல்யாணத்துக்குப் போய்த் திரும்ப முடியுமா என்று தெரியாமல் டிக்கெட்டை ரத்து செய்தேன். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும்.

இரண்டாவது பாதியில் பெனால்டி பெட்டிக்குள் அவர்கள் தடுப்பாட்டக்காரன் கையில் பந்து பட்டது. பட்டதை நான் பார்த்தேன். எழுந்து நின்று என் தாய்மொழியில் கத்தினேன்: "டேய் கைடா! கையில பட்டுச்சுடா! கண்ணு தெரியலையா ரெஃப்ரீ!" முன்வரிசையில் நாலைந்து பேர் திரும்பினார்கள். பெரியவர் ரேடியோவைக் காதிலிருந்து எடுத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். தோலைத் துப்பினார். பிறகு முகமெல்லாம் சிவக்க, "காயாத்தே, கோடோ!" என்றார்.

காயாத்தே என்றால் வாயை மூடு. கோடோ என்பது தீவுக்காரர்கள் பெருநிலத்து ஸ்பானியர்களைத் திட்டும் சொல். அங்கிருந்து வந்து எங்களை அதிகாரம் பண்ணுகிறவனே என்கிற வெறுப்பெல்லாம் அதில் இருக்கும். மாட்ரிட்காரன் யாரையாவது அப்படிச் சொன்னால் சண்டை வந்துவிடும். என்னைச் சொன்னார். வியாசர்பாடியில் பிறந்து, ஸ்பெயின் அரசாங்கத்தின் சீதாவுக்காகக் காத்திருக்கும் என்னை, ஸ்பானியன் என்று திட்டிய முதல் மனுஷர் அவர்தான். பெனால்டி கொடுக்கவில்லை. எனக்கு அது பெரிதாகவே படவில்லை. சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அவர் இன்னும் இரண்டு வார்த்தை திட்டினார், அதை இங்கே எழுத முடியாது. பிறகு கண்ணைப் பந்திலிருந்து எடுக்காமலே பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

அழகாகச் சொல்லிப் பூசி மெழுகுகிறான், ஸ்பெயின் மைதானங்களில் நிறவெறி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பிரேசிலின் கறுப்பின வீரர் வினிசியுஸை வலென்சியா மைதானத்தில் குரங்கு என்று கத்திய மூன்று பேருக்கு 2024இல் நீதிமன்றம் எட்டு மாத தண்டனை கொடுத்தது. எனக்கு அன்று அப்படி எதுவும் நடக்கவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். ஒரே ஒரு தடவை போனவன் நான். லாஸ் பால்மாஸும் பக்கத்துத் தீவு அணியான டெனெரிஃபேயும் மோதும் நாளில் இந்தப் பதிலை நம்பிப் போகாதீர்கள், அது அண்ணன் தம்பிச் சொத்துத் தகராறு. மைதானத்தில் நாசியெந்தே என்ற கேலரியில் சீட்டும் வேண்டாம், அங்கேதான் அவர்களுடைய தீவிர ரசிகர்கள் இருப்பார்கள். மாட்ரிட் சட்டைதான் போடுவேன் என்றால் டெனெரிஃபேயில் கொஞ்சம் பணிவாக இருங்கள். 1992இலும் 1993இலும் கடைசி நாள் ஆட்டத்தில் அந்தத் தீவில் தோற்றுத்தான் மாட்ரிட் இரண்டு லீக் பட்டங்களை பார்சிலோனாவிடம் விட்டது. இன்னும் பேசுகிறார்கள்.

திங்கட்கிழமை மேனேஜர் வயிறு எப்படி என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். சக ஊழியன் ஒருத்தன் அதே வாரம் மயோர்க்கா போய்த் தக்காளி மாதிரி சிவந்து வந்து மாட்டிக்கொண்டான். நம் தோலில் அந்தத் தொல்லை இல்லை. பையைத் திறந்தபோது லேப்டாப்புக்கு அடியிலிருந்து நாலு விதைத் தோல் மேஜையில் விழுந்தது, முழங்கையால் தள்ளிவிட்டேன்.

ஒரு ஜாக்கெட் எடுத்துப் போங்கள். கடற்கரையில் வெயில் அடித்தாலும் மேட்டில் ராத்திரி காற்று பிய்த்துக்கொண்டு போகும். அதை நான் சொன்னால் நம்பலாம், காற்றை அளப்பதுதான் என் தொழில்.