"நம்ம பெண்கள் அணி உலகக் கோப்பை ஆடியிருக்கா?" – இந்திய மகளிர் கால்பந்து கேள்வி பதில்

கேள்வி (திருச்சி): அண்ணா, இந்திய பெண்கள் கால்பந்து அணி எப்போதாவது உலகக் கோப்பையில் ஆடியிருக்கிறதா?

பதில்: சீனியர் அணி ஆடியதில்லைம்மா. 2022-ல் 17 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பை இங்கே நடந்ததால் சின்னப் பெண்களுக்கு நேரடியாக இடம் கிடைத்தது. அமெரிக்காவிடம் 8-0, மொராக்கோவிடம் 3-0, பிரேசிலிடம் 5-0 என்று மூன்றிலும் தோல்வி. அவ்வளவுதான்.

கேள்வி (மதுரை): ஒரு காலத்தில் ஆசியாவிலேயே இரண்டாம் இடத்தில் இருந்தோம் என்று அப்பா அடித்துச் சொல்கிறார். நிஜமா, கதையா?

பதில்: நிஜம்தான். 1979-ம் ஆண்டுக் கணக்கில் வரும் ஆசியக் கோப்பைப் போட்டி, 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்தது. நாம் அதில் இரண்டு அணிகளை இறக்கினோம். அதில் ஒன்று இறுதி ஆட்டம் வரை போய் தைவானிடம் 2-0 என்று தோற்றது. 1981-ல் ஹாங்காங்கில் மூன்றாம் இடம். 1983-ல் மறுபடியும் இறுதி ஆட்டம், இந்த முறை தாய்லாந்திடம் அவர்கள் மண்ணிலேயே தோல்வி. அந்த அணியின் சாந்தி மல்லிக்குக்கு 1983-ல் அர்ஜுனா விருது கிடைத்தது. அதற்கு முன் எந்தக் கால்பந்து வீராங்கனையும் அதை வாங்கியதில்லை.

ஆனால் அப்பாவிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். அப்போது சீனா போட்டிக்கே வரவில்லை. 1986-ல் முதன்முறையாக வந்தது, வந்த கையோடு கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது.

கேள்வி (கோவை): அப்படியிருந்த அணி எப்படிச் சரிந்தது? பயிற்சியாளர் குறையா, திறமை இல்லையா?

பதில்: இரண்டும் இல்லை என்பேன். ஆட்டமே இல்லை, அதுதான் கோளாறு. ஆரம்பத்தில் பெண்கள் கால்பந்துக்குத் தனிச் சம்மேளனம் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் அதைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்ட வேகம் நடத்துவதில் இல்லை. 1998 ஆசிய விளையாட்டுப் போட்டியில் சீனாவிடம் 16-0 என்று அடி வாங்கினோம். அதைவிடக் கேவலம் 2009-ல் வந்தது. பதினெட்டு மாதமாக சர்வதேச ஆட்டமே ஆடவில்லை என்பதால், ஃபிஃபா தரவரிசைப் பட்டியலிலிருந்து இந்தியாவின் பெயரே போய்விட்டது. தோற்று இறங்கினால்கூட மனசு ஆறும், ஆடாமலே காணாமல் போவதை என்ன சொல்ல? பெண்களுக்கென்று தேசிய லீக் வந்ததே 2016-17 சீசனில்தான். அதுவரை வருடம் முழுக்க ஆட ஒரு மேடை கிடையாது. ரயில்வே, போலீஸ் வேலைகள்தான் பல வீராங்கனைகளைக் காப்பாற்றின.

கேள்வி (யாழ்ப்பாணம்): தெற்காசியாவில் இந்தியாதானே ராஜா?

பதில்: 2019 வரைக்கும். 2010-ல் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் தொடங்கிய, தெற்காசிய நாடுகளுக்கான சாஃப் கோப்பையை வரிசையாக ஐந்து முறை வென்றோம். அதில் 2012 உங்கள் கொழும்பில். 2010 போட்டியில் பூட்டானை 18-0 என்று வென்ற ஆட்டமும் உண்டு. 2022-ல் காத்மாண்டுவில் வங்கதேசம் 3-0 என்று கவிழ்த்தது. சாஃப் கோப்பையில் இந்தியாவின் முதல் தோல்வி அது. அரையிறுதியில் நேபாளமும் வீட்டுக்கு அனுப்பியது. 2024-லும் நேபாளத்திடம் அரையிறுதியில், பெனால்ட்டி ஷூட் அவுட்டில் போனோம். இரண்டு முறையும் கோப்பை வங்கதேசத்துக்கு.

கேள்வி (சென்னை): 2022 ஆசியக் கோப்பை இந்தியாவில்தானே நடந்தது? நாம் ஆடியதாகவே பதிவில் இல்லையே, ஏன்?

பதில்: ஆடினோம், அழிந்துபோனது. நவி மும்பையில் இரானுடன் 0-0. அடுத்தது தைவானுடன். அதற்குள் முகாமில் கொரோனா புகுந்துவிட்டது. களமிறங்க விதிப்படி 13 பேராவது வேண்டும், அத்தனை பேர் தேறவில்லை. விலகியதாக அறிவித்து, ஆடிய ஆட்டத்தையும் ரத்து செய்துவிட்டார்கள். சொந்த ஊர்ப் போட்டியில் இப்படி நடந்தது இன்றைக்கும் எரிச்சல்தான்.

கேள்வி (சேலம்): சமீபத்தில் ஏதாவது நல்ல சேதி உண்டா அண்ணா?

பதில்: 2025 ஜூலை 5, சியாங் மாய். ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டம். மங்கோலியாவை 13-0, திமோர் லெஸ்தேவை 4-0, ஈராக்கை 5-0 என்று முடித்துவிட்டு வந்திருந்தோம். எதிரே தாய்லாந்து. 2015, 2019 உலகக் கோப்பைகளில் ஆடிய அணி, அதுவும் அவர்கள் ஊரில். 29-வது நிமிடத்தில் நடுக்கள ஆட்டக்காரி சங்கீதா பாஸ்ஃபோர் பெனால்ட்டி பெட்டிக்கு வெளியிலிருந்து ஓங்கி அடித்தார், வலை குலுங்கியது. இடைவேளை முடிந்து இரண்டே நிமிடத்தில் தாய்லாந்து சமன் செய்தது. வழக்கமாக இந்த இடத்தில்தான் நம் அணி பின்வாங்கி ஒடுங்கும். அன்று ஒடுங்கவில்லை. 74-வது நிமிடத்தில் கார்னர். கூட்டத்துக்குள் வந்த பந்தை அதே சங்கீதா தலையால் முட்டி உள்ளே தள்ளினார். 2-1. தகுதிச்சுற்றில் ஆடி ஜெயித்து ஆசியக் கோப்பைக்குள் இந்தியா நுழைந்தது அதுதான் முதல் முறை. 2026-ல் ஆஸ்திரேலியாவில் ஜப்பான், வியட்நாம், தைவான் இருந்த பிரிவில் இடம் கிடைத்தது இந்த வெற்றியால்தான்.

கேள்வி (கடலூர்): நம்ம ஊர்ப் பெண்கள் பங்கு என்ன?

பதில்: கடலூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! இந்துமதி கதிரேசன் உங்கள் ஊர்தான். போலீஸ் எஸ்.ஐ. வேலையோடு இந்திய நடுக்களத்தையும் பார்த்துக்கொண்டவர். சந்தியா ரங்கநாதனும் உங்கள் பக்கம்தான். 2019 ஏப்ரலில் மாண்டலேயில் நடந்த ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் மியான்மருக்கு எதிராக அவர் கோல் போட்டார். ஆட்டம் 3-3, புள்ளி சமம், கோல் வித்தியாசத்தில் வாய்ப்பு போனது. தமிழ்நாடு அணி 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை வீழ்த்துவது லேசான காரியமில்லை. அடுத்த வருடமே மதுரையின் சேது எஃப்.சி. தேசிய லீக்கை வென்றது.

கேள்வி (ஈரோடு): இந்த அணியை இதுவரை பார்த்ததே இல்லை. ஒரே ஒரு கோல் பார்க்கச் சொன்னால் எது?

பதில்: 2021 நவம்பர், மனாவ்ஸ் நகரில் பிரேசிலுக்கு எதிராக மனிஷா கல்யாண் போட்டது. முதல் நிமிடத்திலேயே பிரேசில் முன்னிலை. 8-வது நிமிடத்தில் மனிஷா சமன் செய்துவிட்டார். பிரேசில் ஜாம்பவான் ஃபோர்மிகாவின் பிரிவு உபசார ஆட்டம் அது, மைதானத்துக்கு ஒரு நொடி என்ன நடந்தது என்றே புரிந்திருக்காது. ஆட்டம் 6-1 என்று முடிந்தது. மீதியைப் பார்த்தே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை.