சங்கக் காசைக் கருத்தரங்குக்குக் கொடுக்காதீர்கள்

கொழும்பு மட்டக்குளியில் ஒரு தோட்டத்து (நெருக்கமான வரிசை வீட்டுக் குடியிருப்பு) மரண உதவிச் சங்கச் செயலாளர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தோட்டத்தில் 15, 16 வயதுப் பிள்ளைகள் ஐஸ் போதைப்பொருள் பக்கம் போகத் தொடங்கிவிட்டார்கள். சங்கத்தில் கொஞ்சம் காசு இருக்கிறது. ஊர்வலமும் கருத்தரங்கும் வைத்தால் பலன் இருக்குமா?"

இருக்காது. பயமுறுத்தும் படங்களைக் காட்டிப் பேசுவது, பாவித்துத் திருந்தியவரை மேடையேற்றுவது, இரண்டுமே பயன் தருவதில்லை என்று ஐ.நா. போதைப்பொருள் அலுவலகத்தின் தடுப்புத் தரநிலைகளே சொல்கின்றன.

முதலில் அந்தப் பிள்ளைகள் எந்த நேரத்தில் சும்மா நிற்கிறார்கள் என்று பாருங்கள். எனக்கு மிகவும் பயம் தருவது சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்கள்தான், பள்ளிக்கூடமும் இல்லை, ரியூஷனும் இல்லை, அப்பா புறக்கோட்டையில் நாட்டாமை (மூட்டை தூக்கும்) வேலைக்குப் போயிருப்பார், அம்மா வீட்டு வேலைக்கு, பையன் ஆட்டோ ஸ்டாண்டில் பெரியவர்களோடு நிற்பான், முதல் இழுவை அங்கே இலவசமாகவே கிடைத்துவிடும். அந்த நேரத்தைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும். ஐஸ்லாந்தில் பிள்ளைகளின் விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு ஊராட்சிகளே காசு கொடுத்தன, பெற்றோர் இரவில் தெருவில் சுற்றிவந்தார்கள். அங்கே முந்தைய ஒரு மாதத்தில் குடித்து வெறித்த 15, 16 வயதினர் 1998இல் நூற்றுக்கு 42 பேர், 2016இல் 5 பேர். அது மதுக் கணக்கு, நாடும் வேறு, ஆனாலும் வழி நமக்குப் பொருந்தும்.

சங்க மண்டபத்தைப் பின்னேரம் நான்கு மணிக்கே திறந்துவிடுங்கள். கரம் போர்டு, ஒரு கணினி, பக்கத்து வரிசைச் சிங்களப் பையன்களையும் சேர்த்து ஒரு கிரிக்கெட் அணி, தினமும் முறைவைத்து வந்து உட்கார ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் வராவிட்டால் மண்டபமே இன்னொரு ஆட்டோ ஸ்டாண்ட் ஆகிவிடும்.

ஏற்கெனவே பாவிப்பவனைக் குடுக்காரன் என்று கூப்பிட விடாதீர்கள், பேர்ப்பட்டியல் எழுதிப் பொலிசுக்குக் கொடுக்கும் வேலையும் சங்கத்துக்கு வேண்டாம், அப்புறம் எந்தத் தாயும் உங்களிடம் வாய் திறக்கமாட்டாள். இரண்டு இரவு தூங்காமல், சாப்பாட்டைத் தொடாமல் இருக்கிறான் என்று ஒரு தாய் வந்து சொன்னால் அன்றைக்கே 1927க்கு அழையுங்கள், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசகர்கள் பேசுவார்கள். சிகிச்சைக்குப் போய்வரும் பஸ் காசையும், கூடப் போகிறவரின் ஒருநாள் சம்பளத்தையும் சங்கம் கொடுக்கட்டும்.