வண்டிக்குள் குடித்தனம்: எதை ஏற்றுவது, எதை இறக்குவது?

கேள்வி: வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பழைய டெம்போ டிராவலரை வீடாக மாற்றி நானும் கணவரும் அதிலேயே குடியிருக்கப் போகிறோம். கிரைண்டர், பித்தளை அண்டா, இலவம்பஞ்சு மெத்தை, பட்டுப்புடவைகள், கல்யாண ஆல்பம்... எதையும் விட மனசு வரவில்லை. எப்படிக் கழிப்பது?
- வாசகி, குன்னூர்

பதில்: முதலில் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யை எடுங்கள். அன்லேடன் வெயிட் (வெறும் வண்டியின் எடை), லேடன் வெயிட் (பாரத்தோடு அனுமதித்த மொத்த எடை) என்று இரண்டு எண்கள் இருக்கும். கழித்தால் வருவதுதான் உங்கள் இருவரையும் சேர்த்து வண்டி சுமக்கக்கூடிய எடை. சீட்டுகளைக் கழற்றி, கட்டில், அலமாரி அடித்த பிறகு லாரி எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். சாமானுக்கு மிச்சம் எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். 8-க்கு 4 அடி பிளைவுட், 18 எம்.எம். என்றால் ஒரு ஷீட்டே 30 கிலோவைத் தொடும், 12 எம்.எம். 20 கிலோ சொச்சம். பாரம் தாங்காத இடத்துக்கு 6 எம்.எம். போதும். 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ, இதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மிச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் பாரம் கூடக்கூட பிரேக் சூடேறும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. ஏறின கியரிலேயே இறங்கு என்று மலைப்பாதை டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான். கனமான சாமான் முன், பின் சக்கரங்களுக்கு நடுவே, தரையோடு இருக்கட்டும். அண்டாவைக் கூரைமேல் கேரியரில் கட்டும் யோசனை இருந்தால் கொண்டை ஊசி வளைவில் வண்டி சாய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு 3 லிட்டர் குக்கரும் ஒரு வாணலியும் தாராளம்.

எடையைவிடப் பெரிய தொல்லை ஈரம். 100 கிராம் கேஸ் எரிந்தால் சுமார் 150 மில்லி தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. உங்கள் மூச்சு வேறு. இரவில் அவ்வளவும் குளிர்ந்த தகரத்தில் வேர்த்து வழியும். இலவம்பஞ்சு மெத்தையில் அந்த ஈரம் தங்கினால் மழை மாதத்தில் காயவைக்க வழியில்லை. 4 அங்குல ஃபோம் மெத்தை வாங்குங்கள். அதன் அடியிலும் முழுப் பலகை வேண்டாம். ரீப்பர்களை (ஒல்லியான மரச்சட்டங்களை) 2 அங்குல இடைவெளி விட்டு அடியுங்கள். இல்லாவிட்டால் மெத்தையின் அடிப்பக்கம் கறுப்பாகப் பூஞ்சை படரும். சமைக்கும்போதும் தூங்கும்போதும் எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டு விரல் அகலம் திறந்திருக்கட்டும். குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார்.

ஈரத்தில் வெள்ளி ஜரிகை கறுக்கும், ஆல்பத்தில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். படங்களை ஸ்கேன் செய்துவிட்டு ஆல்பத்தைச் சமவெளியில் இருக்கும் உறவினரிடம் கொடுங்கள். பட்டில் இரண்டை மட்டும் பருத்தித் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளலாம். கிரைண்டர் வேண்டாம். இந்தக் குளிரில் மாவு புளிப்பதே பெரும்பாடு, கடை மாவு வாங்குவது மேல்.

வீட்டைக் காலி செய்யும் முன் ஒரு மாதம் வண்டியில் இருந்து பாருங்கள். ஏப்ரலில் அல்ல, ஐப்பசி மழையில். அந்த முப்பது நாளில் திறக்காத பெட்டி இறங்கட்டும், மருந்துப் பெட்டியும் டூல்ஸும் தவிர.

கேள்வி: கட்டில், அடுப்பு வைத்தபின் ஆர்.டி.ஓ.வில் சொன்னால் போதாதா?
- வாசகர், கொடைக்கானல்

பதில்: போதாது. வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவு ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. இன்ஷூரன்ஸுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

கேள்வி: ஜனவரி காலையில் நல்ல வெயில் அடித்தும் வண்டியின் சோலார் பேனலில் லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை. பழுதா?
- வாசகர், தலைகுந்தா

பதில்: பழுதாக இருக்காது. உறைபனி நாளில் செல் 0 டிகிரிக்குக் கீழே போனால் பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்டான பி.எம்.எஸ். சார்ஜை நிறுத்திவிடும். அந்தக் குளிரில் சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும் என்பதுதான் காரணம். பேட்டரியை வெளிப்பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வையுங்கள். பேனல் மேல் படிந்த பனியைச் சுரண்டாதீர்கள், வெயிலே உருக்கிவிடும்.