உள்ளே யார் அடிப்பார் என்று முன்பே தெரியுமா? – கேள்வி பதில்

தருமபுரி வாசகர் சந்திப்பில், ஓய்வுபெற்ற சிறை நல அலுவலர் ஒருவர் தந்த பதில்கள்.

பாலக்கோடு வாசகர்: எந்தக் கைதி கை ஓங்குவார் என்று கணிக்க முடியுமா?

ஓரளவுக்கு. ஒருவர் வன்முறையில் இறங்கும் அபாயத்தை மதிப்பிட கனடாவில் உருவான ஹெச்.சி.ஆர்.-20 படிவத்தில் 20 அம்சங்கள். 10 பழைய வாழ்க்கை பற்றியவை, 5 இப்போதைய மனநிலை, 5 இனி அமையப்போகும் சூழல். ஆனால் கணக்கைப் பாருங்கள். 1000 பேரில் 20 பேர் அடிதடியில் இறங்குவார்கள், அடிப்பவரையும் அடிக்காதவரையும் படிவம் 80 சதவீதம் சரியாகச் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 20 பேரில் 16 பேர் சிக்குவார்கள். கூடவே, தானுண்டு தன் வேலையுண்டு என்றிருக்கும் 196 பேரும் பட்டியலில் ஏறுவார்கள். அத்தனை பேரையும் தனிக்கொட்டடியில் போடுவீர்களா?

அரூர் வாசகர்: கொலைக் கைதிதானே அதிக ஆபத்து?

இல்லை. ஆயுள் கைதிகள் பலர் முன்விடுதலையை எதிர்பார்த்து அடங்கி இருப்பார்கள். ஆய்வுகளில் திரும்பத் திரும்ப முன்னால் வருவது வயது. இளவட்டங்கள்தான் அதிகம் மோதுகிறார்கள்.

அரூர் வாசகர்: கொன்றவன் கொன்றவன்தானே ஐயா?

விடமாட்டீர்கள் போல. சரி, கேளுங்கள். 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாக்ஸ்ட்ராம் வழக்கில் தீர்ப்பளித்தது. அதையடுத்து, நியூயார்க்கில் தண்டனை முடிந்தும் ‘ஆபத்தானவர்கள்’ என்று அடைத்து வைக்கப்பட்டிருந்த 900க்கும் மேற்பட்டவர்களைச் சாதாரண மனநல மருத்துவமனைகளுக்கு மாற்றினார்கள். ரகளை வெடிக்கும் என்று அங்கிருந்தவர்கள் பயந்தார்கள். வன்முறையில் இறங்கியவர்கள் சொற்பம். அத்தனை பேர் மேலும் முத்திரை குத்தியவர்கள் படித்த மருத்துவர்கள்தான்.

ஓசூர் வாசகர்: முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாமே?

முடியாது.

காரிமங்கலம் வாசகர்: பச்சை குத்தியிருந்தால்?

ஓசூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

பென்னாகரம் வாசகர்: வன்முறையை எப்படி அளக்கிறார்கள்?

நல்ல கேள்வி. பெரும்பாலும் பதிவேட்டை வைத்துத்தான். ‘குளியலறையில் வழுக்கி நெற்றியில் காயம்’ என்று எழுதியிருக்கும். வழுக்கி விழுபவன் கையை ஊன்றுவானே, ஆனால் காயம் பட்டவனின் உள்ளங்கையில் சிராய்ப்புகூட இருக்காது. கெட்ட வார்த்தையையும் எழுதிவைக்கும் சிறையில் எண்ணிக்கை கூடும், ரத்தம் வந்தால்தான் எழுதும் சிறை அமைதிப் பூங்காவாகத் தெரியும். அதனால் இரண்டு சிறைகளை எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். கைதிகளிடம் ரகசியமாகக் கேட்டால் வேறு கணக்கு வரும்.

கிருஷ்ணகிரி வாசகர்: அப்படியானால் படிவமே வேண்டாமா?

வேண்டும். ஆளை ஒதுக்க அல்ல, எதை மாற்றலாம் என்று பார்க்க. மனு பார்க்க, அதாவது சிறையில் வந்து சந்திக்க, வீட்டிலிருந்து யாரும் வராதவர், பகையாளியோடு ஒரே பிளாக்கில் கிடப்பவர், குடி நின்றதும் கை நடுங்குபவர். கடைசி ஆளுக்கு அன்றைக்கே டாக்டர் வேண்டும்.

மொரப்பூர் வாசகர்: தம்பிக்கு ஜாமீன் கிடைக்குமா?

அது என் துறை இல்லை அம்மா. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், ரிமாண்டில் இருப்பவருக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.