பார்கின்சன் என்கிற நடுக்குவாத நோய் எலிக்கு வராதே, பிறகு ஏன் எலியையும் குரங்கையும் வதைக்கிறார்கள்?

நீங்கள் சொல்வதில் பாதி சரி. எலிக்குத் தானாகப் பார்கின்சன் வருவதில்லை, நாம்தான் வரவழைக்கிறோம். மதுரையில் எம்.ஃபார்ம் படித்தபோது நானும் செய்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை ஊசியாகப் போட்ட எலியின் முன்னங்கால்களைத் தூக்கி ஒரு கம்பி மேல் வைப்போம். சாதாரண எலி உடனே இறங்கி ஓடிவிடும். இது சிலை மாதிரி அப்படியே நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கிறது என்று குறிக்க வேண்டும். நாம் சோதிக்கும் மருந்தால் சீக்கிரம் இறங்கினால் நல்ல அறிகுறி. ஆனால் ஹாலோபெரிடால், அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் வந்து ஒட்டும் ஏற்பிகளை அடைக்கிறது, அவ்வளவுதான். மருந்தின் வேகம் தணிந்ததும் எலி பழையபடி நடக்கும். மனிதருக்கு வரும் நோயில் டோபமின் சுரக்கும் செல்களே வருடக்கணக்கில் அழிகின்றன. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவே மாட்டேன். (ஈவு இரக்கமில்லையா என்று கேட்க வருபவர்களுக்கு: நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு எலியைக்கூடத் தொட முடியாது.)

இப்போது என் அப்பாவுக்கே அந்த நோய். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கடை வைத்திருந்தவர். காலையில் மாத்திரை போடும் வரை கட்டிலை விட்டு எழுப்ப ஆள் வேண்டும். மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் தானே குளிக்கப் போகிறார். அந்த மாத்திரைக்கு வழி காட்டியவை முயல்கள். 1957இல் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன், நம் சர்ப்பகந்தா வேரில் உள்ள, மூளையில் டோபமினைக் குறைக்கும் ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசையாமல் காது தொங்கக் கிடந்தன. லெவோடோபா வகையைச் சேர்ந்த டோபாவை ஊசியாகப் போட்டதும் எழுந்து நடமாடின. 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1990இல், டோபமின் செல்களைக் கொல்லும் எம்பிடிபி நச்சு கொடுத்த குரங்குகளின் மூளையில் ஒரு சிறு பகுதியை அழித்தபோது நடுக்கமும் விறைப்பும் குறைந்தன. இன்று மின்முனை வைத்துச் செய்யும் அறுவை சிகிச்சை குறிவைப்பது பெரும்பாலும் அந்த இடத்தைத்தான்.

சரி, மறுபக்கமும் உண்டு. நரம்பு செல்களைக் காக்கும் ஜிடிஎன்எஃப் என்ற புரதம் குரங்குகளில் அருமையாக வேலை செய்தது, மனிதர்களிடம் நடந்த கட்டுப்பாட்டுச் சோதனைகளில் எதிர்பார்த்த பலன் தரவில்லை. நச்சு சில நாளில் செய்யும் அழிவும் நோய் பல வருடம் செய்யும் அழிவும் வேறு. நோய் முற்றுவதைத் தடுப்பதாக நிரூபணமான மருந்து இன்றுவரை இல்லை. என்றாலும் அப்பா தானாக எழுந்து நடப்பதைத் தினமும் பார்க்கும் நான், அந்த முயல்கள் வீணாகச் செத்தன என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஒன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இந்த நோயில் கையெழுத்து பொடிப்பொடியாகச் சுருங்கிவிடும். அதனால் இங்குள்ள ஒரு வங்கியில் அப்பாவின் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று அத்தனை பேர் முன்னால் திருப்பி அனுப்பினார்கள். சொந்தப் பணத்தை எடுக்க எதற்கு இந்த அவமானம்? கையெழுத்துப் போட முடியாத முதியவர், நோயாளி கைரேகை வைத்து, இரண்டு சாட்சிகளோடு பணம் எடுக்கலாம், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே வழி சொல்லியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் யாருக்காவது இந்த நோய் இருந்தால், மேலாளரிடமே நேராகப் போய் இதைக் கேளுங்கள்.