டுமாரோ: ஒரே ஒரு ஆல்பம் போட்ட லண்டன் பேண்ட் பத்தி கேள்வி பதில்

அறுபதுகளோட லண்டன் சைக்கெடெலிக் ராக் (போதை மயக்கக் கனவு மாதிரி விசித்திர சத்தங்களோட வர்ற ராக்) பத்தி பேச ஆரம்பிச்சதுல இருந்து டுமாரோ பேண்ட் பத்தி நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க. எனக்கு ரொம்ப பிடிச்ச பேண்ட், அதனால சிலதுக்கு பதில் நீளமா தான் வரும்.

கேள்வி: அண்ணா, பேரே இப்ப தான் கேள்விப்படுறேன். யார் இவங்க?

நாலு பேர். பாடினது கீத் வெஸ்ட், கிட்டார் ஸ்டீவ் ஹோவ், பேஸ் ஜூனியர் வுட், டிரம்ஸ் ட்விங்க். இதுக்கு முன்னாடி தி இன் க்ரௌட்னு ஒரு பேண்ட் இருந்துச்சு, ஸோல், ரிதம் அண்ட் ப்ளூஸ்னு வாசிச்சிட்டு இருந்தாங்க, அது தான் கொஞ்சம் கொஞ்சமா மாறி 1967ல டுமாரோ ஆச்சு. 1968லயே கலைஞ்சு போச்சு. ரெண்டு சிங்கிள் (தனிப்பாட்டு ரெக்கார்ட்), ஒரு ஆல்பம், அவ்வளவு தான் அப்ப வெளிவந்தது.

கேள்வி: மை ஒயிட் பைசைக்கிள் பாட்டு கேட்டேன் ப்ரோ, செம. அந்த கிட்டார் சத்தம் ஏதோ உறிஞ்சி இழுக்குற மாதிரி இருக்கே, எப்படி பண்ணாங்க?

டேப்பை தலைகீழா ஓட விட்டு வாசிக்கிறது தான். அப்ப கம்ப்யூட்டர் எல்லாம் ஏது, டேப் ரீலை திருப்பி மாட்டிடுவாங்க, பாட்டு பின்னால இருந்து ஓடும், கிட்டாரிஸ்ட் அதைக் கேட்டுட்டே மேல வாசிச்சு ரெக்கார்ட் பண்ணுவார், அப்புறம் ரீலை மறுபடி நேரா மாட்டினா பாட்டு நேரா வரும், கிட்டார் மட்டும் தலைகீழா வரும். சாதாரணமா கம்பியை மீட்டினதும் டக்குனு சத்தம் வந்து அப்புறம் மெல்ல தேயும் இல்லையா, இதுல ஒண்ணுமே இல்லாத இடத்துல இருந்து மெல்ல வீங்கி வந்து பட்டுனு அறுந்து நிக்கும். அது தான் உங்களுக்கு உறிஞ்சுற மாதிரி கேக்குறது. ஹெட்போன் போட்டு கேளுங்க, குசுகுசுன்னு பேசுற குரலும் உள்ள ஓடும். ரெக்கார்டிங் லண்டன் ஏபி ரோட் ஸ்டூடியோல, தயாரிப்பு மார்க் விர்ட்ஸ். 1967 மே மாசம் பார்லோஃபோன் லேபிள்ல வந்துச்சு, அதே வசந்தத்துல அதே கட்டிடத்துல தான் பீட்டில்ஸும் பிங்க் ஃப்ளாய்டும் ரெக்கார்டிங் பண்ணிட்டு இருந்தாங்க. அவ்வளவு நல்ல பாட்டு, ஆனா இங்கிலாந்து சார்ட்ல ஏறவே இல்ல. எனக்கு இது இன்னைக்கும் ஆறாத விஷயம்.

கேள்வி: அது என்ன வெள்ளை சைக்கிள்? போதை சம்பந்தமா ஏதாவது சொல்றாங்களா சார்?

இல்லங்க, நிஜ சைக்கிள் தான். ஆம்ஸ்டர்டாம்ல ப்ரோவோன்னு ஒரு இளைஞர் கூட்டம் இருந்துச்சு, 1965ல அவங்க ஒரு திட்டம் சொன்னாங்க: சைக்கிளுக்கு வெள்ளை பெயின்ட் அடிச்சு பூட்டாம தெருவுல விட்டுடுவோம், யார் வேணா எடுத்து ஓட்டிட்டு போய் இறங்குற இடத்துல விட்டுடலாம், கார் தொல்லையும் குறையும். பூட்டாத சைக்கிளை தெருவுல விடக்கூடாதுன்னு சட்டம் காட்டி போலீஸ் அள்ளிட்டு போயிடுச்சு. அதனால தான் பாட்டுல போலீஸ்காரர் வர்றார். லூட் ஸ்கிம்மல்பென்னிங்க்னு ஒருத்தர் தான் அந்த யோசனைக்கு மூளை, இப்ப பல ஊர்ல இருக்குற பொது சைக்கிள் திட்டத்துக்கெல்லாம் இதைத் தான் தொடக்கம்னு சொல்லுவாங்க.

கேள்வி: ஹிட்டே இல்லாத பேண்டை ஏன் இவ்வளவு தூக்கி வைக்கிறீங்க?

நியாயமான கேள்வி. இவங்களை சார்ட்ல தேடினா ஒண்ணும் கிடைக்காது, மேடையில தேடணும். டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்ல ஒரு ஐரிஷ் டான்ஸ் ஹாலோட அடித்தளத்துல யூ.எஃப்.ஓ.ன்னு ஒரு கிளப், 1966 டிசம்பர்ல இசைத் தயாரிப்பாளர் ஜோ பாய்டும் ஹாப்பின்னு கூப்பிடுற ஜான் ஹாப்கின்ஸும் ஆரம்பிச்சாங்க, வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சா விடியற வரைக்கும் நடக்கும், சுவர் முழுக்க கலர் எண்ணெய் ஊத்தின ஸ்லைடுல இருந்து வெளிச்சம் உருகி ஓடும். பிங்க் ஃப்ளாய்ட், சாஃப்ட் மெஷின் எல்லாம் வளர்ந்த இடம் அது. ஒரு ராத்திரி டுமாரோ வாசிக்கும்போது ஜிமி ஹென்ட்ரிக்ஸே மேடை ஏறி கூட பேஸ் வாசிச்சிருக்கார்.

இப்ப 1967 ஜூன் கடைசி வாரத்துக்கு வாங்க. போதைப்பொருள் வழக்குல மிக் ஜாகருக்கும் கீத் ரிச்சர்ட்ஸுக்கும் ஜெயில் தண்டனைன்னு கோர்ட் சொல்லிடுச்சு, ஹாப்பி ஏற்கனவே உள்ள. நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட் பத்திரிகை தான் இதுக்கெல்லாம் தூண்டுதல்னு இளைஞர்களுக்கு பயங்கர கோபம். வெள்ளிக்கிழமை ராத்திரி கிளப்ல இருந்த கூட்டம் அப்படியே தெருவுல இறங்கி பத்திரிகை ஆபீஸ் வரைக்கும் போய் ஆர்ப்பாட்டம் பண்ணிட்டு திரும்பி வந்துச்சு. திரும்பி வந்தவங்களுக்கு முன்னாடி டுமாரோ வாசிச்சாங்க, ட்விங்க் டிரம்ஸை விட்டு எழுந்து மைக்கை எடுத்துட்டு கூட்டத்துக்குள்ள இறங்கி புரட்சி கோஷம் போட, மொத்த ஹாலும் திருப்பிக் கத்துச்சு. ஜோ பாய்ட் பல வருஷம் கழிச்சு தன் அனுபவத்தை புத்தகமா எழுதினப்ப, அறுபதுகளோட உச்சம்னா 1967 ஜூலை 1 விடியறதுக்கு கொஞ்சம் முன்னாடி டுமாரோ வாசிச்ச அந்த நேரம் தான்னு எழுதினார். புத்தகத்துக்கு பேரும் வெள்ளை சைக்கிள்கள் தான். ஃப்ளாய்ட், ஹென்ட்ரிக்ஸ் எல்லாரையும் கிட்ட இருந்து பாத்த மனுஷன் இதைச் சொல்றார்னா, வேற என்ன சான்று வேணும்?

கேள்வி: ரெவல்யூஷன்னு பீட்டில்ஸ் பாட்டு இருக்கே, அதோட காப்பியா இவங்க பாட்டு?

இல்ல. டுமாரோவோட ரெண்டாவது சிங்கிள் தான் ரெவல்யூஷன், அது 1967 செப்டம்பர், பீட்டில்ஸ் பாட்டு 1968 ஆகஸ்ட். பேர் மட்டும் தான் ஒண்ணு.

கேள்வி: அப்புறம் ஏன் அண்ணா கலைஞ்சது? சண்டையா?

சண்டைன்னு சொல்ல மாட்டேன், ஒரு ஹிட் தான் காரணம், அதுவும் அவங்களோட ஹிட் இல்ல. மார்க் விர்ட்ஸ் ஒரு டீனேஜ் ஆபெரா எழுதுறேன்னு கனவு கண்டு அதுல இருந்து ஒரு பகுதியை கீத் வெஸ்ட்டை பாட வெச்சு அவர் பேர்லயே விட்டார். ஜாக்னு ஒரு வயசான மளிகைக்காரர், எல்லாரும் அவரை திட்டிட்டே இருக்காங்க, ஒரு நாள் அவர் செத்துப் போனதும் ஊரே அழுவுது, குழந்தைகள் கோரஸ் வேற. இங்கிலாந்துல 2-வது இடம் வரைக்கும் போச்சு. கிட்டார் அதுலயும் ஹோவ் தான், ஆனா அது டுமாரோ பாட்டு இல்லையே. ரேடியோல ஜாக் பாட்டு கேட்டுட்டு கச்சேரிக்கு வர்றவங்க அதைத் தான் எதிர்பார்ப்பாங்க, இங்க மேடையில அலறுற கிட்டாரும் ஃபீட்பேக்குமா (ஸ்பீக்கர் சத்தம் கிட்டார்ல திரும்ப ஏறி வர்ற ஊளை) இருக்கும். பாடகர் ஒரு பக்கம், பேண்ட் ஒரு பக்கம்னு ஆயிடுச்சு. ஆல்பம் வேற தள்ளித் தள்ளி 1968 பிப்ரவரில தான் வந்துச்சு, 67 கோடையிலயே வந்திருந்தா கதையே வேறன்னு நான் உறுதியா நம்புறேன், ஏன்னா அந்த ஆறு மாசத்துல லண்டன் ரசனையே மாறிடுச்சு. அந்த ஆபெராவும் அப்ப முழுசா வெளிவரவே இல்ல.

கேள்வி: பாதிப்புன்னு பாத்தா என்ன மிச்சம்?

ஆளுங்க தான் முதல்ல. ஸ்டீவ் ஹோவ் 1970ல யெஸ் பேண்ட்ல சேர்ந்தார், ப்ராக்ரெசிவ் ராக்கோட (நீளமான, சிக்கலான அமைப்புள்ள ராக்) கிட்டார் பாஷையையே உருவாக்கினதுல அவருக்கு பெரிய பங்கு, அதோட விதை டுமாரோல தெளிவா கேக்குது. 1964ல வாங்கின கிப்சன் ஈ.எஸ். 175, ஜாஸ் ஆளுங்க வாசிக்கிற வயிறு பருத்த கிட்டார், அதை ராக் மேடையில வெச்சு வாசிச்சவர் அவர். ட்விங்க் நேரா ப்ரெட்டி திங்ஸ் பேண்டுக்கு போய் எஸ்.எஃப். சாரோ ஆல்பத்துல வாசிச்சார், அப்புறம் பிங்க் ஃபேரிஸ் பேண்ட், 1972ல கேம்பிரிட்ஜ்ல பிங்க் ஃப்ளாய்டோட பழைய பாடகர் சிட் பாரெட்டோட கொஞ்ச நாளே இருந்த ஸ்டார்ஸ் பேண்ட். நாசரெத் பேண்ட் 1975ல மை ஒயிட் பைசைக்கிளை திரும்ப வாசிச்சு இங்கிலாந்துல 14-வது இடம் வரைக்கும் கொண்டு போனாங்க. இன்னொண்ணு, பி.பி.சி. ரேடியோ 1ல ஜான் பீல் நிகழ்ச்சிக்குன்னு நூத்துக்கணக்கான பேண்டுங்க வந்து வாசிச்சாங்களே, அந்த வரிசையில முதல் செஷன் (ரேடியோவுக்குன்னே தனியா பண்ற ரெக்கார்டிங்) பண்ணது டுமாரோ தான், 1967 செப்டம்பர்ல.

கேள்வி: எதுல இருந்து கேக்க ஆரம்பிக்கலாம் சார்?

முதல்ல மை ஒயிட் பைசைக்கிள், அடுத்து ரெவல்யூஷன், அதுக்கப்புறம் நவ் யுவர் டைம் ஹேஸ் கம், ஹோவ் என்ன பண்றார்னு அதுல தெரியும். ஆன்டி மேரீஸ் டிரெஸ் ஷாப் மாதிரி இனிப்பா இருக்குற பாட்டுகளை முதல்ல கேட்டா பேண்டை தப்பா எடை போட்டுடுவீங்க, அதெல்லாம் கடைசியா கேளுங்க.