பரிசல் எப்படித் திரும்பி வரும்?

அன்புள்ள ஐயா,

பென்னாகரம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். உலகப் பண்பாடுகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு படப் புத்தகம் செய்துகொண்டிருக்கிறேன். கிருஷ்ணகிரியில் ஓவிய ஆசிரியராக இருக்கும் என் தம்பி படம் வரைகிறான். பதினைந்து நாடு; ஒவ்வொன்றுக்கும் ஓர் இரட்டைப்பக்கம்; அதில் உடை, சாப்பாடு, திருவிழா, வணக்கம் சொல்லும் முறை. ஜப்பான், கென்யா, மெக்சிகோ முடிந்துவிட்டன. ஆனால் நான்காம் வகுப்பில் காட்டினால், "நல்லா இருக்கு மிஸ்" என்று சொல்லி மூடி வைத்துவிடுகிறார்கள். எங்கே தப்பு? (பெயர் போட வேண்டாம்.)

அன்புள்ள டீச்சர்,

படங்களைப் பார்த்தேன். தம்பிக்குக் கை நன்றாக வருகிறது. குறை உங்கள் திட்டத்தில்தான்.

நாட்டுக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கினால் புத்தகம் கொலுப்படி ஆகிவிடும். ஜப்பான் என்றால் கிமோனோ, கென்யா என்றால் ஈட்டியோடு ஒரு மாசாய்க்காரர், மெக்சிகோ என்றால் அகலத் தொப்பி. இதே கணக்கில் எங்கோ ஒருவர் இந்தியாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தாஜ்மகாலும் யானையும் போட்டு முடித்துவிட்டால், காலையில் களி தின்றுவிட்டு உங்கள் வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளை அதில் எங்கே? ஜப்பான் பிள்ளையும் தினமும் சட்டை டவுசரில்தான் பள்ளிக்கூடம் போகிறது.

நாட்டை விட்டுவிட்டு ஒரு பொருளைப் பிடியுங்கள், அதுவும் உங்கள் ஊர்ப் பொருளை. ஒகேனக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏன் ஜப்பானில் தொடங்கினீர்கள் என்று தெரியவில்லை. பரிசலை எடுங்கள். மூங்கில் பிளாச்சில் வட்டமாக முடைந்து, அந்தக் காலத்தில் தோலும் இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் போர்த்துகிறார்கள். இதே வட்டப் படகு வேல்ஸ் நாட்டில் டெய்வி ஆற்றில் சால்மன் மீன் பிடிக்கப் போயிருக்கிறது, வியட்நாமில் மூங்கில் கூடையாக, பிசின் பூசிக்கொண்டு, கடலிலேயே இறங்குகிறது. திபெத்தில் யாக் மாட்டுத் தோல். வட அமெரிக்காவில் மிசூரி ஆற்றங்கரை மாண்டன் மக்களிடம் காட்டெருமைத் தோல், அங்கே படகு கட்டியதும் பெண்கள்தான். எது கையில் கிடைத்ததோ அதை வளைத்துப் போர்த்தியிருக்கிறார்கள். வடிவம் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறது.

சரி, இதையும் வரிசையாக அடுக்கினால் மறுபடி கொலுதான். பிள்ளை கேட்கிற மாதிரி ஒரு கேள்வி வேண்டும். வேகமான தண்ணீரில் கீழே போன வட்டப் படகு எப்படித் திரும்பி மேலே வரும்? ஒகேனக்கல்லில் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு பாறையில் நடக்கிற ஆளைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெரிய ஆமை எழுந்து நடப்பது போல இருக்கும். வேல்ஸ்காரரும் முதுகில் மாட்டிக்கொண்டு நடக்கிறார். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோடஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதியிருப்பது இன்னும் அருமை: ஆர்மீனியாவிலிருந்து பாபிலோனுக்கு ஆற்றோடு வரும் தோல் படகுகளில் சரக்கோடு ஒரு கழுதையும் ஏறி வருமாம்! ஊர் சேர்ந்ததும் சரக்கை விற்று, படகின் சட்டத்தையும் விற்று, தோலை மட்டும் கழுதைமேல் போட்டுக்கொண்டு கால்நடையாகவே திரும்பிவிடுவார்கள். கழுதையை மட்டும் தம்பி நன்றாக வரைந்துவிட்டால் போதும், உங்கள் நான்காம் வகுப்பு புத்தகத்தை மூடாது.

அடுத்தது களி. உகாண்டாவில் கேழ்வரகு மாவில் கிண்டுவதற்குப் பெயர் 'காலோ'. கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து நமக்கு வந்த தானியம்தான். ஆனால் பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காகத் தமிழன் அங்கே போனான், வந்தான் என்று கதை கட்டிவிடாதீர்கள். (எனக்கும் ஒரு நிமிடம் கை அரித்தது.)

படத்தை வலையில் பார்த்து அப்படியே வரைவதைப் பற்றியும் சொல்லவேண்டும், பட்டவன் என்பதால். பல வருடம் முன்பு நான் எழுதிய ஒரு சிறுவர் நூலில் கிமோனோவில் உடுத்தியவரின் வலப்பக்கத் துணி இடப்பக்கத்தின் மேல் மடிந்திருந்தது. சரிபார்க்க வேண்டியவன் நான், பார்க்கவில்லை. ஜப்பானில் அப்படி உடுத்துவது இறந்தவருக்குத்தான். சிரிக்கும் குழந்தையைப் பிணக்கோலத்தில் நிறுத்தி அச்சடித்திருக்கிறோம். உங்கள் ஜப்பான் படத்தை உடனே எடுத்துப் பார்த்தேன், தம்பி தப்பித்தார், இடப்பக்கம் மேலேதான் இருக்கிறது.

அப்புறம் பக்கக் கணக்கு. அச்சகத்தில் ஒரே தாளில் சேர்த்து அச்சடிக்கிற பதினாறு பக்கத்தை ஒரு பாரம் என்று வைத்தால் படப் புத்தகத்துக்கு 32 பக்கம் வசதி. தலைப்பு, பதிப்பு விவரம் போக சுமார் 14 இரட்டைப்பக்கம்தான் மிஞ்சும், ஆக உங்கள் பதினைந்து நாடு எப்படியும் இடிக்கிறது. எட்டு ஏ4 தாளை நடுவில் மடித்துப் பின் அடித்தால் 32 பக்க டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், தயார். வண்ணம் தொடும் முன் அதில் பென்சிலால் கிறுக்கிப் பாருங்கள். முகமோ கழுதையின் தலையோ நடு மடிப்பில் மாட்டிக்கொள்வது அப்போதே தெரிந்துவிடும்.

டம்மி ஆனதும் எனக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போய்ப் பரிசல் ஓட்டுகிற ஒருவரிடம் காட்டுங்கள். வட்டப் படகில் ஒரே பக்கம் துழாவினால் அது நின்ற இடத்திலேயே சுற்றும். தம்பி துடுப்பைத் தப்பாக வரைந்திருந்தால் எனக்குத் தெரியாது, அவர் பார்த்ததும் சொல்லிவிடுவார்.